நிபுணர் கருத்து

மெக்கானிக் குப்புறப் படுத்தபடி, வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டியின் பின்பக்க வலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, யாரோ அவன் கணுக்காலை மிதித்துவிட்டு, "யாருய்யா இது, வழியில படுத்துக்கிட்டு?" என்று அவனையே கோபித்துக்கொண்டார்கள்.

பதில் சொல்ல முடியவில்லை. வாயில் இரண்டு ஸ்க்ரூ இருந்தது.

பெட்டிக்குள் அக்கா படுத்திருந்தாள். காலை ஆறரைக்கு மருத்துவமனையில் மூச்சு நின்றது. ஒன்பதரைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் பெட்டி கடகடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவனுக்குப் போன் செய்தால், "அது அப்படித்தான் சார் ஓடும், கூலிங்ல குறை இருக்காது" என்கிறான். இருபத்தேழு வருஷமாக ஃப்ரிட்ஜும் ஏசியும் பார்க்கிறவனிடம் சொல்கிற பதிலா இது? அதுவும் நூலகத்தில் எவனாவது நாற்காலியைத் தரையில் இழுத்தாலே கண்ணாடிக்கு மேலே பார்க்கிற அக்காவை உள்ளே படுக்க வைத்துக்கொண்டு?

எத்தனை வீட்டுத் தூசியோ, காயிலில் கம்பளிபோல அப்பியிருந்தது. ஃபேன் இறக்கை ஒன்று வளைந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அவன் பிளக்கைப் பிடுங்கி, அதை விரலால் நிமிர்த்திவிட்டு, மறுபடி செருகினான். கடகடச் சத்தம் போயிருந்தது. அறையில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் தயங்கினார்கள். இத்தனை நேரம் பெட்டியின் சத்தத்துக்கு மேலே அழுது பழகிவிட்டது.

எழுந்து பார்த்தான். மிதித்தவர் பள்ளித் தாளாளர்.

அக்கா முப்பத்தோரு வருஷம் நூலகராக இருந்த பள்ளி அவருடையது. அவர் எங்கே போனாலும் மாலையைப் பிடிக்க ஓர் ஆள் பின்னால் வருவான். இன்றும் வந்திருந்தான். தாளாளர் மாலையை வாங்கி, பெட்டியின் மேல் வைத்து, கண்ணை மூடி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறவரைப்போல நின்றுவிட்டு, திரும்பி, "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார். பள்ளியின் பழைய வேன் விற்கப்பட்டபோதும் அவர் இதையேதான் சொன்னார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அத்தான் தலையை ஆட்டினார். அக்காவின் கணவர் அதிகம் பேசாதவர். அக்கா பேசியதே இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் தாளாளர் உட்கார்ந்தார். அது முனகியது. பக்கத்தில் பள்ளியின் அறிவியல் மிஸ் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நிபுணர் வந்திருக்காராம்மா?" என்று அவளிடம் கேட்டார் தாளாளர், குரலைத் தாழ்த்தி.

"தெரியலை சார். நானும் அதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"எந்த நிபுணர்?" என்றார் அத்தான்.

"உங்களுக்குத் தெரியாதா? நம்ம நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கினாலும் அம்மா ஒரு நிபுணர்கிட்ட கருத்துக் கேப்பாங்க. எல்லாம் ஃபைல்ல இருக்கு. நான் எழுதின புத்தகத்தை மூணு தடவை குடுத்தேன். மூணு தடவையும் ஒரே வரி." தாளாளர் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். "'நிபுணர் கருத்து: நான்காம் பக்கத்தில் உறக்கம்.' அவ்வளவுதான்! யூனிவர்சிட்டி ஆளா இருப்பாரோ?"

"வெளிநாட்டுல படிச்சவர்னு ஸ்டாஃப் ரூம்ல பேச்சு சார்," என்றாள் அறிவியல் மிஸ்.

மெக்கானிக் வாயிலிருந்து ஸ்க்ரூக்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். விழுங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

நான்காம் பக்கத்தில் தூங்கியவன் அவன்தான். ஒன்பதாம் வகுப்பில் தோற்று, படிப்புக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தவன். அவனிடம்தான் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பை நிறையப் புத்தகங்களோடு வருவாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவன் தரையில் பாயைப் போட்டுச் சாய்வான். அவன் கையில் ஒரு புத்தகத்தைத் திணித்துவிட்டு, "படிடா, டீ போட்டுட்டு வர்றேன்" என்று சமையலறைக்குப் போவாள். திரும்பி வரும்போது அவன் தூங்கியிருந்தால் புத்தகம் தள்ளுபடி. "இவன் முழிச்சிருந்தான்னா ஏழாங்கிளாஸ்ல ஒருத்தனும் தூங்கமாட்டான்," என்பாள் அவன் மனைவியிடம், அவன் காதுபடவே.

முழித்திருந்தால் அடுத்த சோதனை. கதைப் புத்தகம் என்றால், சுவாரசியமான இடம் பார்த்துப் படக்கென்று பிடுங்கி மூடிவிடுவாள். அவன் "அப்புறம்?" என்று கேட்டால் வாங்கலாம். உண்மைச் சங்கதி சொல்கிற புத்தகம் என்றால் வேறு விதம். ஒரு வாரம் கழித்துப் போன் வரும். "யார்கிட்டயாவது சொன்னியா?"

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று படித்த வாரம், கேஸ் ரொப்பப் போன நாலு வீட்டில் சொன்னான். ஒரு வீட்டுக்கார அம்மா, "அதுக்கு மூணு இருக்கட்டும், என் ஃப்ரிட்ஜுக்கு ஒரு கம்ப்ரசர் ஒழுங்கா ஓடுமா?" என்றாள். இதை அக்காவிடம் சொன்னபோது அவள் குதிக்காத குறை. "நாலு வீடா! நாலு காப்பி வாங்கறேன்டா!"

"கதையா இருந்தா அப்புறம்னு கேக்கணும். நெசமான விஷயமா இருந்தா யார்கிட்டயாவது சொல்லாம இருக்க முடியக் கூடாது. ரெண்டுல ஒண்ணும் நடக்கலைன்னா அது புத்தகமில்ல, அட்டை போட்ட காகிதம்," என்பாள்.

பள்ளியில் அட்டை போட்ட காகிதம் ஏராளம் இருந்தது. கண்ணாடி அலமாரியில், தங்க எழுத்து முதுகைக் காட்டிக்கொண்டு, மேதைகளின் வரலாறு, மேன்மைக்கு வழி, நற்குணம் நூறு. அலமாரிச் சாவி தாளாளரிடம். பிள்ளைகள் தொட்டால் அழுக்காகிவிடும் என்பதால் அறிவைப் பூட்டிப் பாதுகாத்தார்கள்.

தன்னை வைத்து அக்கா சோதனை செய்வது மெக்கானிக்குக்குத் தெரியும். வீட்டில் எதற்கும் உதவாத மண்டை இதற்காவது உதவட்டும் என்றுதான் நினைத்திருந்தான். அந்த மண்டைக்குப் பள்ளிக் கோப்பில் இப்படியொரு பெயர் வைத்திருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

தாளாளர் தொண்டையைச் செருமினார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா வேற வழியில்ல. புத்தகப் பட்டியல் பாரம் அம்மாகிட்ட இருந்தது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கல்வி அலுவலகத்துல குடுக்கணும்."

நான்கு வருஷத்துக்குப் பிறகு பள்ளிக்கு அரசாங்கத்தின் பெரிய நூலக உதவி வந்திருந்தது. நாற்பது தலைப்புகள். நூலகர் கையெழுத்து கட்டாயம். இன்று தவறினால், அடுத்த உதவி வரும்போது இப்போது ஆறாவது படிக்கிற பயல்களுக்கு மீசை முளைத்திருக்கும்.

"கையெழுத்து மட்டும் போட்டிருந்தா போதும்," என்றார் தாளாளர். "விட்டுப் போனதை எல்லாம் நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துக்கம் ஒரு நூலளவு விலகி, கீழே ஏதோ பளிச்சென்றது. மெக்கானிக் பார்த்துவிட்டான். எதை வைத்து நிரப்புவார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 'உழைப்பின் உச்சியில் நான்.' அட்டையில் ஒரு மலை, மலைக்கு மேலே தாளாளர் தலை, தலைக்குப் பின்னால் சூரியன். முந்நூறு பிரதிகள் அவர் வீட்டு மாடியில் நாலு வருஷமாக வாசகரை எதிர்பார்த்துக் காத்திருந்தன.

"பாரம் எங்க இருக்குன்னு..." என்று அத்தான் இழுத்தார்.

"என் டூல்ஸ் பையில இருக்கு அத்தான்," என்றான் மெக்கானிக். "எடுத்துட்டு வர்றேன்."

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பையைத் திறந்தான். கேஜ் மீட்டருக்கும் காப்பர் ட்யூப் சுருளுக்கும் நடுவில் ஒரு பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் பாரம். இருபத்தேழு வரிகள் அக்காவின் கையெழுத்தில், நேர் நேராக. அதற்குக் கீழே பதின்மூன்று வரிகள் காலி. அதற்கும் கீழே அவள் ஒப்பம்.

ஒப்பத்தை எப்போதும் முதலில் போட்டுவிடுவாள். "அப்புறம் போடலாம்னு வெச்சா மறந்துடுதுடா."

நேற்று மத்தியானம் மருத்துவமனைக் கட்டிலில் இருவரும் இந்தப் பாரத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் சாய்ந்து உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து எழுதினாள். டாக்டர் வந்து போன பிறகு அவள் எழுத்து கொஞ்சம் வேகமானது. என்ன சொன்னார் என்று இவன் கேட்கவில்லை.

இருபத்தேழாவது வரி முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரல்களைப் பிசைந்துகொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்றான்.

"சொல்லு."

"நீ திட்டக் கூடாது."

"திட்டறதுக்குத் தெம்பு இல்ல. தைரியமாச் சொல்லு."

"நான் கொஞ்ச வருஷமா... உண்மையில தூங்கறதில்ல."

"ஏன், டாக்டரைப் பாத்தியா?"

"அதில்லக்கா! ஞாயித்துக்கிழமை. நீ குடுக்கிற புத்தகம். சும்மா கொறட்டை விடுவேன். நீ போனதும் மொபெட்டை எடுத்துக்கிட்டு நேரா புத்தகக் கடைக்குப் போயி, நான் கொறட்டை விட்ட இடத்துலேர்ந்து நின்னுக்கிட்டே படிப்பேன். இப்பல்லாம் எனக்கு எல்லாப் புத்தகமும் பிடிக்குது. அது உனக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா?"

"வேற ஒரு மண்டுவைப் பாத்துப் போயிடுவியே."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. டிரிப்ஸ் ட்யூப் ஆடியது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "அம்மா, சிரிக்கக் கூடாது, ஊசி நகந்துடும்" என்றாள். இதற்கு அக்கா இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

"எட்டு வருஷமாத் தெரியும்டா எனக்கு. நெசமாத் தூங்கறப்ப உன் கால் கட்டைவிரல் தனியா ஆடும். பொய்த் தூக்கத்துல அது ஆடாம இருக்கும். நீ கொறட்டை விட்டு நான் வாங்கின புத்தகம் எத்தனை தெரியுமா? அந்த எறும்பு புத்தகம், சலவைக்கடை துப்பறியும் கதை, எல்லாம் உன் பொய்க் கொறட்டைதான். தாளாளர் புத்தகத்துக்கு மட்டும் விரல் என்னமா ஆடிச்சு!"

"அப்ப அந்த அண்ணன் தங்கச்சி கதையை ஏன் வேணாம்னுட்ட?"

"எது?"

"அதான். ஒரு அண்ணன் ஃபெயிலாகி, தங்கச்சி கிளாஸ்லயே வந்து உக்காருவான். எல்லாரும் சிரிப்பாங்க. அவன் தனியாத் தெரியக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு பரீட்சையில தப்புத் தப்பா எழுதுவா."

அக்கா யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அன்னிக்கு நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த. போர்வை கால்ல இருந்தது."

"ஆமா."

"ஏன் திரும்பின?"

அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மூடினான். திரும்பவும் திறந்தான்.

"அந்தக் கொறட்டையை மட்டும் நான் நம்பிட்டேன்டா," என்றாள் அக்கா. பாரத்தை அவன் பக்கம் தள்ளினாள். "கை வலிக்குது. மிச்சத்தை நீ எழுது. உண்மைப் புத்தகம் பாதி, கதை பாதி. ஒண்ணுக்கொண்ணு குறையக் கூடாது."

"நானா? என் கையெழுத்தைப் பாத்தியா?"

"புத்தகம் கையெழுத்துலயா இருக்கு? எழுது. நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்."

அவன் எழுதவில்லை. அவள் முழித்ததும் அவளையே எழுதச் சொல்லலாம் என்று பாரத்தைப் பையில் வைத்தான்.

பின்னறைக் கதவு தட்டப்பட்டது. அறிவியல் மிஸ் டீ டம்ளரோடு நின்றாள். "நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கலைன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க."

டம்ளரை ஜன்னல் திட்டின் மேல் வைத்துவிட்டு அவள் பாரத்தைப் பார்த்தாள். அவன் கையில் பேனா இருந்தது. நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. இருபத்தெட்டாவது வரியில் அந்த அண்ணன் தங்கச்சி கதையின் பெயர் இருந்தது, பில் புக்கில் 'கேஸ் ஃபில்லிங்' என்று எழுதிப் பழகிய கையெழுத்தில்.

"இது லைப்ரரி மிஸ் எழுதினது இல்லையே?"

"மிச்சத்தை என்னை எழுதச் சொன்னாங்க."

"உங்களையா?" என்றவள், அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பார்வை அவன் கிரீஸ் விரல்களில் வந்து நின்றது. "சார்... நான்காம் பக்கத்தில் உறக்கம்?"

திருட்டைப் பிடித்துவிட்டதுபோல அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாங்க."

அறிவியல் மிஸ் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

"ஸ்டாஃப் ரூம்ல உங்களுக்குத் தாடி இருக்கும்னு பேசிக்குவோம்," என்றாள் கடைசியில். "வெள்ளைத் தாடி."

"நான் ஒம்பதாவது ஃபெயிலுங்க. இதுல நான் எழுதலாமா? அவங்க சொல்லிட்டாங்கதான். ஆனா அரசாங்கப் பாரம்."

அவள் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பாலம் ஏன் விழுதுன்னு ஒரு புத்தகம் வாங்கினாங்க மிஸ், ரெண்டு வருஷம் முன்னாடி. எட்டாவது பி-ல முப்பத்தாறு பேர். பத்தொம்பது பேர் அதுக்குப் பேர் குடுத்துட்டு வரிசையில நின்னாங்க. அதுல நாலு பேர் அதுவரைக்கும் லைப்ரரி எந்தப் பக்கம்னே தெரியாதவனுங்க. அந்தப் புத்தகம் யார் கருத்து?"

"பாலமா? அது நான்தாங்க. அந்த வாரம் வீடு கட்டிக்கிட்டிருந்த ஒருத்தர்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் பயந்துபோய் இன்ஜினியரை மாத்திட்டார்."

"எழுதுங்க சார்," என்றாள் அறிவியல் மிஸ்.

எழுதினான். யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. புத்தகக் கடையில் நின்றுகொண்டே படித்ததெல்லாம் வரிசையில் வந்து நின்றது. ஊருக்கு அடியில் கழிவுநீர் எங்கே போகிறது என்று காட்டுகிற படப் புத்தகம். லிஃப்டுக்குள் நாய் வளர்த்த சிறுமியின் கதை. வலி என்றால் என்ன, அது ஏன் வேண்டும் என்று ஒரு டாக்டர் பிள்ளைகளுக்கு எழுதியது. பேயை நம்பாத ஒரு பையனுக்கும் அவனை நம்பாத ஒரு பேய்க்கும் நடக்கிற தகராறு. பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்பது. இதை எழுதும்போது மட்டும் மெக்கானிக் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தான், அவனுடைய துறை.

அறிவியல் மிஸ் பதிப்பகம், விலை விவரங்களைத் தன் போனில் தேடிச் சொல்லச் சொல்ல, அதையும் எழுதினான். நாற்பதாவது வரி முடிந்தபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

கூடத்துக்கு வந்து பாரத்தைத் தாளாளரிடம் கொடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆட்காட்டி விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். விரல் இருபத்தெட்டில் தயங்கியது. முப்பத்தைந்தைத் தாண்டியபோது வேகம் எடுத்தது. நாற்பதில் முட்டி நின்றது. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

"இது யார் எழுத்து?"

அறிவியல் மிஸ் வாயைத் திறந்தாள். அதற்குள், காலையிலிருந்து பெரும்பாலும் தலையை ஆட்டியே சமாளித்த அத்தான், மச்சினனின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நிபுணரோடது."

"வந்திருக்காரா! எங்க?"

"உங்களுக்கு முன்னாடிதான் நிக்கிறார். எம் மச்சினன்."

தாளாளர் பார்த்தார். முழங்காலில் தூசி, சட்டைப் பையில் இரண்டு ஸ்க்ரூ, காதோரம் கம்பளி மாதிரி ஏதோ. சற்று முன் தான் மிதித்த கணுக்காலையும் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. நாலு வருஷக் கோபம் வந்து வாசலில் நின்றது. இப்போது கத்தப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அத்தான்கூட நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

ஆனால் தாளாளர் மெக்கானிக்கின் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். ரேஷன் கடையில் அட்டையை நீட்டுகிறவர் குரலில் கேட்டார்:

"நெசமா நாலாம் பக்கத்துலயேவா?"

பொய் சொல்லியிருக்கலாம். சாவு வீடு. ஆனால் பெட்டிக்குள் அக்கா இருந்தாள்.

"ஆமாங்க. நெசந்தான். ஆனா முழிச்சதும் திரும்ப ஆரம்பிச்சு முழுசாப் படிச்சேன்."

"முழுசாவா?" தாளாளரின் பிடி இறுகியது. "முழுசா யாரும் படிச்சதில்லையே. என் பையனே..."

"அறுபத்திரண்டாம் பக்கத்துல ஒரு எலி வருதுங்க. நீங்க சின்ன வயசுல குடோன்ல மூட்டை மேல தூங்குவீங்க. எலி தினமும் ராத்திரி உங்க சட்டைப் பொத்தானை ஒண்ணொண்ணாக் கடிச்சு எடுத்துட்டுப் போயிடும். ஒரு நாள் மூட்டையை நகர்த்தினா, மூலையில எல்லாப் பொத்தானும் வரிசையா இருக்கும். அதை நான் ஏழு பேர்கிட்ட சொன்னேன்."

"ஏழு பேரா?"

"எட்டு. ஒருத்தர் ரெண்டு தடவை கேட்டார்."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகம் யாரோ கடைப் பையனுடையதைப்போல இருந்தது.

"புத்தகம் நான் எழுதலீங்க. ஆள் வெச்சு எழுதினது. அந்த எலி மட்டும் நான் டீ குடிக்கிறப்ப அவன்கிட்ட சும்மா சொன்னது. மானம் போகுது, எடுத்துடுய்யான்னேன். எடுக்க மறந்துட்டான்."

"எலியை மட்டும் தனியா எழுதுங்க சார். பிள்ளைங்களுக்கு. மலையெல்லாம் வேணாம்." மெக்கானிக் தன் காதிலிருந்த தூசியைத் தட்டிவிட்டான். "ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. நான் வீட்டுலதான் இருப்பேன்."

வண்டிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். பிளக்கைப் பிடுங்கினார்கள். எல்லாரும் எழுந்தார்கள். அழுகை ஒரு தடவை பெரிதாகி, வாசலை நோக்கி நகர்ந்தது. மெக்கானிக் தலைப்பக்கம் தோள் கொடுத்தான். அக்கா இத்தனை லேசாக இருப்பாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. புத்தகப் பை இல்லாமல் அவளை அவன் பார்த்ததே இல்லை.

வாசலில் தாளாளர் பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போய், மடிக்காமல் நிறுத்தினார். "கவர் ஏதாவது இருக்குங்களா? பெரிசா." அத்தான் உள்ளே போய், மருத்துவமனையில் எக்ஸ்ரே போட்டுக் கொடுத்த பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். மேலே அக்காவின் பெயரும் வயதும் பால்பேனாவில் எழுதியிருந்தது. படத்தை உருவித் தன் கையில் வைத்துக்கொண்டு, உறையை நீட்டினார்.

வண்டி தெருமுனைக்கு வந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். குறுக்கே கல்வி அலுவலகத்துப் பக்கம் திரும்ப வேண்டிய தாளாளர் கார், ஹாரன் அடிக்காமல் நின்று வழி விட்டது. எப்போதும் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து போகிறவர், இன்று முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பின்சீட்டு முழுவதும் அந்தப் பழுப்பு உறைக்கு.